கான்வென்ட்னா ஸ்கூலா மடமா? கன்னியர் மடங்கள் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க அத்தை ஒருத்தங்க சிஸ்டர். அப்பாவோட கூடப்பொறந்த கடைசி தங்கச்சி, நான் பொறக்குறதுக்கு முன்னாடியே மடத்துல சேந்துட்டாங்க. நான் பண்றது ப்ரூஃப் பாக்குற வேலை. இந்த ரெண்டும் சேந்ததால, யாராவது கன்னியாஸ்திரி பத்தி எழுதுனா எது சரியான வார்த்தைனு என்கிட்ட தான் கேக்குறாங்க, கூடவே உள்ள என்ன சாப்பிடுவாங்க, சம்பளம் உண்டான்னும் கேக்குறாங்க. திரும்பத் திரும்ப ஒரே பதிலை டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா இங்க எழுதிட்டேன்.

கான்வென்ட்னா இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் தானே?

நம்ம ஊர்ல அப்படித்தான் ஆகிப்போச்சு. தெரு முக்குல "ஸ்ரீ சரஸ்வதி கான்வென்ட்"னு போர்டு இருக்கும், உள்ள ஒரு கன்னியாஸ்திரி கூட இருக்க மாட்டாங்க, கரஸ்பாண்டன்ட் நெத்தில பட்டை போட்டிருப்பார். கல்யாண விளம்பரத்துல "கான்வென்ட்ல படித்த பெண்"னு போட்டா இங்கிலீஷ் பேசும்னு அர்த்தம், அவ்ளோதான்.

ஆனா நிஜமான கான்வென்ட்ங்கிறது கன்னியாஸ்திரிங்க சேந்து குடியிருக்குற வீடு. அவங்க பக்கத்துலயே ஸ்கூல் நடத்துனதால வீட்டோட பேரு ஸ்கூலுக்கு ஒட்டிக்கிச்சு. மெட்ராஸ்ல 1842ல அயர்லாந்துல இருந்து பிரசன்டேஷன் சபை சிஸ்டர்ஸ் வந்து ஜார்ஜ் டவுன்ல ஆரம்பிச்சாங்க, அப்ப அந்த ஏரியாவுக்கு பேரு பிளாக் டவுன். அவங்களுக்கு அப்புறமும் பல சபைங்க வந்துச்சு. "புள்ள எங்க படிக்குது?" "கான்வென்ட்ல." இப்படியே பேசிப்பேசி குடியிருந்தவங்க மறைஞ்சு போய் பெஞ்சும் டையும் மட்டும் அந்த வார்த்தைல மிச்சம் நிக்குது.

அந்த வார்த்தைக்கு மூலம் என்ன? அதுலயே பொம்பளைங்கன்னு இருக்கா?

இல்ல. லத்தீன்ல கோன்வென்டுஸ்னா ஒண்ணா கூடுறது, கூட்டம். ஆம்பளை துறவிங்க இருந்த இடத்துக்கும் அதே பேருதான். டாவின்சி வரைஞ்ச கடைசி இராவுணவு படம் இருக்குல்ல, அது மிலான்ல டொமினிக்கன் சபை சாமியாருங்க இருந்த கான்வென்ட்டோட சாப்பாட்டு ரூம் சுவத்துல தான் இருக்கு, அதாவது அந்த சாமியாருங்க தினமும் அதைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டிருக்காங்க. லண்டன்ல கோவென்ட் கார்டன்னு ஒரு இடம் இருக்கு, அதுவும் கான்வென்ட் தோட்டம் தான், வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துக்காரங்க காய்கறி போட்ட நிலம். பின்னாடி தான் இங்கிலீஷ்ல கான்வென்ட்னா பெண்கள், மொனாஸ்ட்ரினா ஆண்கள்னு ஒரு வழக்கம் வந்துச்சு. அதுவும் முழுசா சரி கிடையாது, கதவடைச்சு உள்ளயே வாழுற கன்னியாஸ்திரிங்க வீட்டுக்கு இன்னைக்கும் மொனாஸ்ட்ரினு தான் சொல்றாங்க.

மொனாஸ்ட்ரி கிரேக்க வார்த்தைல இருந்து வருது, மோனோஸ்னா தனியா. தனியா வாழ்றதுக்கு ஒரு வார்த்தை, கூடி வாழ்றதுக்கு ஒரு வார்த்தை, கடைசில ரெண்டும் ஒரே மாதிரி வீட்டுக்கு பேராயிடுச்சு. அப்புறம் கிளாய்ஸ்டர்னா அடைப்பு, பூட்டுன இடம். ஆபேனா ஆபட்ங்கிற தலைவரோ ஆபஸ்ங்கிற தலைவியோ நடத்துற பெரிய மடம், அது அரமேய மொழில அப்பாவுக்கு சொல்ற அப்பாங்கிற வார்த்தைல இருந்து வந்தது. தட்டச்சுப் பிழை இல்ல, அங்கயும் அப்பா தான். எகிப்து பாலைவனத்துல 4ம் நூற்றாண்டு வாக்குல தவம் பண்ண பெண் துறவிங்களை அம்மானு தான் கூப்பிட்டிருக்காங்க, அம்மா சிங்க்ளெட்டிக்கானு ஒருத்தங்க பேரு பிரபலம். அத்தைகிட்ட இதை சொன்னப்ப, "அப்ப எங்களை அம்மானு கூப்பிடுற ஊர்க்காரங்க தான் சரி, சிஸ்டர்னு கூப்பிடுற நீ தான் தப்பு"ன்னாங்க.

நன்னரினு ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கு, அதை எழுதாதீங்க. பழைய காலத்து வார்த்தை, 16ம் நூற்றாண்டு கொச்சைல அதுக்கு வேற கேவலமான அர்த்தமும் இருந்துச்சு.

தமிழ்ல எது சரி: மடம், கன்னியர் மடம், கன்னிமாடம், கன்னியர் இல்லம்?

கன்னியர் மடம் சரி. கன்னியர் இல்லமும் சரி, இப்ப சின்ன வீடுகளுக்கு அதைத்தான் நிறைய எழுதுறாங்க. பேச்சுல வெறும் மடம் போதும், கேரளாவுலயும் மடம்னு தான் சொல்வாங்க. 1866ல கூனம்மாவுல மலையாளி பெண்களுக்கு முதல் முதலா கார்மேல் சபை ஆரம்பிச்சப்ப கையில காசு இல்லாம மூங்கில் தட்டி வெச்சு கட்டுன வீட்டுல இருந்திருக்காங்க, அதுக்கு பேரே பனம்பு மடம், பனம்புனா மூங்கில் பாய்.

கன்னிமாடம் தப்பு. அது அரண்மனைல இளவரசி தோழிங்களோட இருக்குற மாடி. போன வருஷம் ஒரு கட்டுரைல "கன்னிமாடத்தில் 40 ஆண்டுகள் சேவை செய்த அருட்சகோதரி"னு வந்துச்சு, அடிச்சு மாத்துனேன், எழுதுனவர் "மாடம் இன்னும் அழகா இருக்கே"ன்னார். அழகா தான் இருக்கு, ஆனா படிக்கிறவனுக்கு புறா தூது விடுற ராஜகுமாரி தான ஞாபகம் வரும்.

இன்னொண்ணு, அச்சம் மடம் நாணம் பயிர்ப்புல வர்ற மடம் வேற. அது பேதைமை. அதையும் இதையும் சேத்து ஜோக் அடிக்கிறவங்களை நான் நிறைய பாத்துட்டேன், அத்தை என்னைவிட நிறைய பாத்திருப்பாங்க.

யாழ்ப்பாணத்துல கன்னியர் மடம்னா ஸ்கூல்ங்கிறாங்களே?

ஆமா, அங்க திருக்குடும்ப கன்னியர் மடம்னு ஒரு பெண்கள் பாடசாலை இருக்கு, ஹோலி ஃபேமிலி கான்வென்ட்னும் சொல்வாங்க. பிரான்ஸ் நாட்டு போர்தோவுல உருவான திருக்குடும்ப சபை சிஸ்டர்ஸ் 1862ல யாழ்ப்பாணம் வந்தாங்க. இங்க நாம கான்வென்ட்ங்கிற இங்கிலீஷ் வார்த்தைய ஸ்கூல் ஆக்குனோம், அவங்க தமிழ் வார்த்தையையே ஸ்கூல் ஆக்கிட்டாங்க. "நான் கன்னியர் மடத்துல படிச்சனான்"னு ஒரு யாழ்ப்பாணத்து அக்கா சொன்னா சந்நியாசம் வாங்கப் போனாங்கன்னு நினைச்சுக்காதீங்க.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம், இது நமக்கு ரெண்டாவது தடவை நடக்குது. பள்ளிங்கிற வார்த்தைய எடுத்துக்கோங்க. பழைய தமிழ்ல பள்ளினா படுக்கிற இடம், தங்குற இடம், அப்புறம் சமண, புத்தத் துறவிங்க குடியிருந்த இடம். அவங்களுக்கு விட்ட நிலத்துக்கு கல்வெட்டுல பள்ளிச்சந்தம்னு பேரு. துறவிங்க தங்குன இடத்துல படிப்பும் நடந்துச்சு, துறவிங்க போய்ட்டாங்க, படிப்பு நின்னுச்சு, பள்ளி ஸ்கூல் ஆயிடுச்சு. ஆயிரம் வருஷம் கழிச்சு கான்வென்ட்டும் அச்சு அசலா அதே ரோட்டுல போயிருக்கு. அதனால கான்வென்ட்டை ஸ்கூல்னு சொல்றவங்களை இப்ப நான் திருத்துறது இல்ல. திருத்துறதா இருந்தா பள்ளிக்கூடத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

அப்ப அந்தக் காலத்துலயே இங்க பெண் துறவிங்க இருந்தாங்களா?

இருந்தாங்க, நல்லாவே இருந்தாங்க. சமணப் பெண் துறவிய கந்தினும் குரத்தினும் சொல்வாங்க. சிலப்பதிகாரத்துல கோவலன் கண்ணகி கூட மதுரை வரைக்கும் நடந்து போற கவுந்தி அடிகள் சமணத் துறவி தான். கழுகுமலைல பாறைல செதுக்குன உருவங்களுக்கு கீழ அதை செய்ய வெச்சவங்க பேரு இருக்கும், அதுல திருச்சாரணத்துக் குரத்திகள் மாதிரி பெண் குருமார் பேரு வரும். வந்தவாசி பக்கம் வேடால்ல ஒரு சோழர் காலத்து கல்வெட்டு, அதுல கனகவீரக் குரத்தியார்னு ஒரு தலைவியும் அவங்களோட 500 மாணவிகளும் வர்றாங்க. வேற ஒரு குழுவோட தகராறு ஆகி, ஊர்க்காரங்க இவங்களுக்கு பாதுகாப்பும் சாப்பாடும் நாங்க பாத்துக்குறோம்னு ஒத்துக்கிட்டது தான் செய்தி. 500 பொண்ணுங்க ஒரு பொம்பளை வாத்தியார்கிட்ட, 9ம் நூற்றாண்டு வாக்குல! இதை எந்த ஸ்கூல் புத்தகத்துலயும் நான் படிச்சதா ஞாபகம் இல்ல.

குரவர்னா ஆசான், அதுக்கு பெண்பால் குரத்தி. சின்ன ர. ஒரு தடவை நான் சரியா விட்டதை லேஅவுட் பையன் தப்புனு நினைச்சு குறத்தினு மாத்தி அச்சுக்கு அனுப்பிட்டான், சமண ஆசிரியை எல்லாம் வள்ளி பரம்பரை ஆயிட்டாங்க.

புத்தத்துல பிக்குணி. மணிமேகலை, அவ அம்மா மாதவி ரெண்டு பேரும் அந்த வழிக்கு போனவங்க தான்.

கன்னியாஸ்திரினு எழுதுனா மரியாதை குறைவா?

குறைவு இல்ல, ஆனா செய்தித்தாள் வாடை அடிக்கும். கன்யா, ஸ்திரீ ரெண்டு சம்ஸ்கிருத வார்த்தை சேந்தது. கத்தோலிக்கர்களுக்குள்ள பேசிக்கும்போது யாரும் அப்படி சொல்றதே இல்ல, "சிஸ்டர் வந்தாங்க"ம்பாங்க, வயசானவங்க மதர்ம்பாங்க, கிராமத்துப் பக்கம் சிஸ்டரம்மா, மதரம்மா. எழுத்துல அருட்சகோதரி. கேரளாவுல அல்போன்சாம்மானு பேரோட அம்மா சேப்பாங்க. அது பரணங்கானத்துல வாழ்ந்து 1946ல 35 வயசுலயே இறந்து போன அல்போன்சா, 2008ல புனிதர் ஆனவங்க, இந்தியப் பெண்கள்ல முதல் புனிதர்.

நன் அப்படிங்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கு பழைய லத்தீன்ல நோன்னா மூலம், வயசான மரியாதைக்குரிய அம்மானு அர்த்தம். இத்தாலில இன்னைக்கும் பாட்டிய நோன்னானு தான் கூப்பிடுறாங்க. அவங்க வார்த்தைல கிழவி, நம்ம வார்த்தைல கன்னி.

நன் வேற, சிஸ்டர் வேறயா?

சர்ச் சட்டப்படி வேற. இதை கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இங்க தான் எல்லா குழப்பமும்.

1298ல போப் எட்டாம் போனிஃபாஸ் ஒரு உத்தரவு போட்டார், எல்லா கன்னியாஸ்திரிங்களும் மடத்தை விட்டு வெளிய வரக்கூடாது, வெளியாளும் உள்ள போகக்கூடாது. 1563ல திரெந்து சங்கம், அதாவது பிஷப்புங்க கூடுன பெரிய கூட்டம், அதையே இன்னும் இறுக்குச்சு. அதாவது துறவினா சுவத்துக்குள்ள தான், ஆம்பளைங்க மட்டும் ஊர் ஊரா போய் பிரசங்கம் பண்ணலாம். இதை ஒத்துக்காத ஒரு பொம்பளை இங்கிலாந்துல பொறந்தாங்க, மேரி வார்ட், 1585ல. இயேசு சபை சாமியாருங்க மாதிரி நாங்களும் வெளிய போவோம், பொண்ணுங்களுக்கு பள்ளிக்கூடம் நடத்துவோம், அடைப்பு வேண்டாம்னாங்க. 1631ல போப் எட்டாம் உர்பான் அவங்க சபையவே கலைச்சுட்டார், அவங்களை ம்யூனிக்ல ஒரு கன்னியர் மடத்துல அடைச்சு வெச்சாங்க, அடைப்பு வேண்டாம்னவங்களுக்கு அதே அடைப்பு தான் ஜெயில். அங்க இருந்து எலுமிச்சம்பழ சாறுல லெட்டர் எழுதி வெளிய அனுப்பியிருக்காங்க, காஞ்சா தெரியாது, நெருப்புல காட்டுனா எழுத்து பழுப்பா வரும்.

அந்த வழி அழியல. அதுல இருந்து கிளைச்சு அயர்லாந்துல லொரேட்டோ சபை வந்துச்சு, லொரேட்டோ சிஸ்டர்ஸ் 1841 கடைசில கல்கத்தா வந்தாங்க, 1928ல அதே சபைல சேந்த ஒரு அல்பேனியப் பொண்ணு தான் பின்னாடி அன்னை தெரசா. வெளிய போய் வேலை செய்ற பெண்களையும் முழு துறவிங்கன்னு ரோம் ஏத்துக்கிட்டது எப்பங்கிறீங்க? 1900ல. மேரி வார்ட் செத்து 255 வருஷம் கழிச்சு.

ஆக, கதவடைச்ச மடத்துல ஜெபமே வேலையா இருக்குறவங்க தான் சட்டப்படி நன். ஸ்கூல், ஆஸ்பத்திரி, சேரி, ஜெயில்னு வெளிய வேலை பாக்குறவங்க சிஸ்டர். நீங்க பஸ்ல பாக்குறவங்க எல்லாம் சிஸ்டர்ஸ். தமிழ்ல ரெண்டுக்கும் கன்னியர் தான், அதனால நமக்கு இந்த சண்டையே தெரியாம போச்சு.

கதவடைச்ச மடம்னா நிஜமாவே வெளிய வர மாட்டாங்களா?

டாக்டர்கிட்ட போறது, ஓட்டு போடுறது மாதிரி காரணத்துக்கு வருவாங்க. மத்தபடி இல்ல. பாக்கப் போனா நடுவுல கம்பி அழி இருக்கும், அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாம. சாமான் குடுக்க சுவத்துல சுத்துற மரப்பெட்டி உண்டு, இந்தப் பக்கம் அரிசிய வெச்சு தள்ளுனா சுத்தி அந்தப் பக்கம் போகும், ஆளு முகம் தெரியாது. தமிழ்நாட்டுல சிறுமலர்னு பேரு வெச்ச ஸ்கூல் எவ்வளவு இருக்கு, அது லிசியூ ஊரு தெரேசம்மாள் பேரு தான், குழந்தை தெரேசம்மாள்னும் சொல்வோம். 15 வயசுல கார்மேல் மடத்துக்குள்ள போனவங்க 24 வயசுல உள்ளயே டிபில இறந்துட்டாங்க, கூடப்பொறந்த மூணு அக்காவும் அதே மடம். உள்ளயே இருந்தவங்களை தான் 1927ல உலகம் பூரா மிஷன் வேலைக்கு பாதுகாவலியா அறிவிச்சாங்க.

நம்ம மண்ணுல ஆரம்பிச்ச சபை ஏதாவது?

நிறைய. பாண்டிச்சேரில 1844ல தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்கு படிப்பு சொல்லித்தரவே மாசற்ற இருதய மரியன்னை சபை உருவாச்சு. ஆனா ஆச்சரியமான கேஸ் ஊட்டி. எலென் த ஷப்போத்தெங்னு ஒரு பிரெஞ்சுக்கார அம்மா மதுரைப் பக்கம் வேற ஒரு சபைல தலைவியா இருந்தாங்க, உள்ள பெரிய மனஸ்தாபம் ஆகி 1876ல ஒரு இருபது பேர் பிரிஞ்சு ஊட்டிக்கு வந்துட்டாங்க, அங்க 1877ல ஆரம்பிச்சது தான் பிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி. இப்ப உலகம் முழுக்க இருக்கு. சென்னைல ஸ்டெல்லா மாரிஸ் காலேஜ் அவங்களோடது, 1947ல ஆரம்பிச்சது. பக்தியால மட்டும் இல்ல, சண்டையாலயும் சபை பொறக்கும்.

உள்ள எப்படி இருக்கும்? ஒரு தடவை போகணும்னு ஆசை.

முன்னாடி ரூம் வரைக்கும் யாரும் போகலாம், அதுக்கு பேரு பார்லர். பியூட்டி பார்லர் இல்ல, பிரெஞ்சுல பார்லேனா பேசு, பேசுற ரூம். எங்க அத்தை மடத்து பார்லர் எனக்கு கண்ணை மூடுனா தெரியும்: சிவப்பு ரெட் ஆக்சைடு தரை, முகம் பாக்கலாம், அவ்ளோ தேய்ச்சிருப்பாங்க, சோபா முதுகுல குரோஷா பின்னுன வெள்ளைத் துணி, சுவத்துல இருதய ஆண்டவர் படம், பக்கத்துல சபையை ஆரம்பிச்ச அம்மா படம், அதுக்கு கீழ கரண்ட் மெழுகுவத்தி மினுக்மினுக்னு எரியும். காபி ட்ரேல வரும், கூட மேரி பிஸ்கட். சின்ன வயசுல மேரி பிஸ்கட் மாதா பேருல சிஸ்டர்ஸ் செய்யறதுன்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன்.

அதுக்கு உள்ள அவங்க சாப்பிடுற ரூம், சிற்றாலயம், தனித்தனி படுக்கை ரூம், அங்க வீட்டு ஆளுங்களையே விட மாட்டாங்க. காலைல அஞ்சு மணிக்குள்ள எந்திரிக்கணும், தியானம், ஜெபம், பூசை, டிபன், அப்புறம் அவங்கவங்க வேலைக்கு ஓட்டம். சாயந்திரம் ஜெபமாலை, ராத்திரி சாப்பாடு, கொஞ்ச நேரம் எல்லாரும் உக்காந்து அரட்டை, அதுக்கும் டைம் டேபிள்ல இடம் உண்டு. அப்புறம் மௌனம். ராத்திரி சமையக்கட்டுல கூட சைகைல தான் பேசிக்குவாங்களாம். பண்டிகை நாள்ல மட்டும் சாப்பாட்டு மேஜைல பேச்சு சத்தம் வீதி வரைக்கும் கேக்கும், இது நானே கேட்டது.

சிஸ்டர் ஆக எத்தனை வருஷம் ஆகும்?

உடனே எல்லாம் இல்ல. முதல்ல ஒண்ணு ரெண்டு வருஷம் கூட இருந்து பாக்கணும். அப்புறம் நவதுறவு, நொவிசியேட்னு சொல்வாங்க, 17 வயசு ஆகியிருக்கணும், குறைஞ்சது 12 மாசம், பல சபைல ரெண்டு வருஷம். முடிஞ்சா முதல் வார்த்தைப்பாடு, அதாவது கடவுளுக்கு குடுக்குற வாக்கு: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். இது தற்காலிகம் தான், மூணுல இருந்து ஆறு வருஷம் வரைக்கும், ரொம்ப போனா ஒன்பது. அதுக்கப்புறம் தான் நித்திய வார்த்தைப்பாடு, சாகுற வரைக்கும். ஊர்ல வார்த்தைப்பாட்டுக்கு கல்யாணம் மாதிரியே பத்திரிகை அடிச்சு பந்தி போடுவாங்க. எங்க அத்தை வார்த்தைப்பாட்டுக்கு தாத்தா ஆடு வெட்டுனாராம், ஆனா அன்னைக்கு ராத்திரி சாப்பிடாம படுத்துக்கிட்டாராம், ஆச்சி சொல்லி கேட்டது.

பேரு மாத்துவாங்களா, சேலை எப்ப வந்துச்சு?

முன்னாடி எல்லாம் உள்ள போனதும் புதுப் பேரு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம், 1965க்கு மேல, பல சபைல ஞானஸ்நான பேரையே வெச்சுக்கலாம்னாங்க. நீள அங்கி போய் சேலை வந்ததும் பெரும்பாலும் அதுக்குப் பின்னாடி தான். அன்னை தெரசா 1948லயே நீலக்கரை போட்ட வெள்ளை சேலை கட்டிட்டாங்க. சேலை கலரை வெச்சே எந்த சபைனு சொல்ற ஆச்சிங்க இன்னும் தெக்கத்தி ஊருங்கள்ல இருக்காங்க.

சம்பளம் யாருக்கு? வரி உண்டா?

அரசு உதவி பெறும் ஸ்கூல்ல டீச்சரா இருக்குற சிஸ்டருக்கு கவர்மென்ட் சம்பளம் உண்டு, அது அப்படியே சபைக்கு போயிடும், ஏழ்மை வார்த்தைப்பாடு குடுத்திருக்காங்கல்ல. கையில அத்தைக்கு பஸ் சார்ஜ் கூட கணக்கு எழுதணும். சொந்தமா எதுவும் இல்லாதவங்களுக்கு வரி எதுக்குனு கேஸ் நடந்துச்சு, 2019ல மெட்ராஸ் ஹைகோர்ட் வரி பிடிக்கலாம்னுச்சு, 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிடுச்சு. சம்பளம் உங்க பேருல வருது, வாங்கி யாருக்கு குடுத்தாலும் வருமானம் உங்களுது தான்னு சட்டத்தோட கணக்கு. சட்டம் சரி தான், ஆனாலும் பான் கார்டுல அத்தை முகத்தைப் பாத்தப்ப எனக்கு சிரிப்பு வந்துச்சு.

வெளிய வரணும்னா?

வரலாம். தற்காலிக வார்த்தைப்பாடு முடியுற அன்னைக்கு புதுப்பிக்காம கிளம்பிடலாம். நித்தியம் எடுத்தவங்க அனுமதி வாங்கணும், மறைமாவட்ட சபைனா பிஷப், ரோம் நேரடி சபைனா வத்திக்கான். நடுவுல சபைல இருந்துக்கிட்டே வெளிய தங்கிப் பாக்கவும் மூணு வருஷம் வரைக்கும் தலைவி அனுமதி குடுக்கலாம். பேப்பர்ல இவ்ளோ தான். ஊருக்குள்ள தான் கஷ்டம், வெளிய வந்த பொண்ணை ஓடி வந்தவ மாதிரி பேசுவாங்க, சாமியார் வெளிய வந்தா அந்தப் பேச்சு பாதி கூட இருக்காது. எங்க சொந்தத்துலயே ஒருத்தங்க வந்தாங்க, அவங்களை மடத்துல இருந்து கூட்டிட்டு வரப் போன காருல அஞ்சு பேர் இருந்தாங்களாம், வீடு வர்ற வரைக்கும் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசலையாம்.

வரதட்சணை குடுக்க முடியாம தள்ளி விடுறாங்கங்கிறது நிஜமா?

ஐரோப்பாவுல கண்டிப்பா நடந்திருக்கு. வெனிஸ்ல 17ம் நூற்றாண்டுல கல்யாண சீர் எக்கச்சக்கம், மடத்துக்கும் சீர் உண்டு ஆனா கம்மி, அதனால ஒரு பொண்ணைக் கட்டிக்குடுத்துட்டு மத்ததுங்களை மடத்துக்கு அனுப்பிட்டாங்க. அப்படி போன அர்க்காஞ்சலா தாரபொத்தி உள்ள இருந்துக்கிட்டே அப்பன்மாரை எல்லாம் கிழிகிழினு கிழிச்சு எழுதியிருக்காங்க, 1652ல சாகுற வரைக்கும் மடத்துல தான். இங்க அத்தைகிட்டயே கேட்டேன். "ஆறு பொம்பளைப் புள்ளைல ஒண்ணு குறைஞ்சா அப்பாவுக்கு நல்லதுனு தோணுச்சு, ஆனா அதுக்காக போகல"னாங்க. ரெண்டு பாதியையும் நான் நம்புறேன்.

இலங்கைல புத்த பிக்குணிங்க இருக்காங்களா?

அசோகர் மகள் சங்கமித்தை காலத்துல வந்த பிக்குணி சங்கம் 11ம் நூற்றாண்டு வாக்குல அத்துப்போச்சு, சோழர் படையெடுப்பு அதுக்கு ஒரு பெரிய காரணம், நம்ம ராஜராஜன் ராஜேந்திரன் பெருமை பேசும்போது இதையும் ஒரு வரி சேத்துக்கலாம். அப்புறம் ரொம்ப காலம் பத்து சீலம், அதாவது பத்து ஒழுக்க விதி, காக்குற சில் மாதாக்கள் மட்டும், மொட்டை, காவி எல்லாம் உண்டு, பிக்குணி அந்தஸ்து கிடையாது. 1990கள் கடைசில மறுபடி பிக்குணி பட்டம் குடுக்க ஆரம்பிச்சாங்க, எல்லா பிக்குமாரும் இன்னும் ஒத்துக்கல. இந்தப் பெண் துறவிங்க இருக்குற இடத்துக்கு ஆராமம்னு பேரு.

சமண சாத்விங்களை சௌகார்பேட்டைல பாக்கலாம், வெள்ளை உடுப்பு, வெறுங்காலு. அவங்களுக்கு நிரந்தர மடமே இல்ல, மழைக்கால நாலு மாசம் மட்டும் ஒரே ஊர்ல தங்கிட்டு மறுபடி நடை. கவுந்தி அடிகள் நடந்த மாதிரியே. இந்து பக்கம் தட்சிணேஸ்வரத்துல 1954ல ஆரம்பிச்ச சாரதா மடம் முழுக்க பெண் சந்நியாசிங்க நடத்துறது, பேருக்கு முன்னாடி பிரவ்ராஜிகானு போடுவாங்க.

நர்ஸை ஏன் சிஸ்டர்னு கூப்பிடுறோம்?

ஐரோப்பாவுல ஆஸ்பத்திரிய ரொம்ப காலம் கன்னியர் தான் நடத்துனாங்க, பேரு தங்கிடுச்சு. துறவியா இல்லாமலே சிஸ்டர் ஆனவங்களும் உண்டு: சின்ன வயசுலயே விதவையாகி, படிச்சு பட்டம் வாங்கி, ஐஸ் ஹவுஸ்ல விதவைப் பொண்ணுங்களுக்கு விடுதி நடத்துன சுப்பலட்சுமி அம்மாவை மெட்ராஸே சிஸ்டர் சுப்பலட்சுமினு தான் சொல்லுச்சு.

கன்னிமரா லைப்ரரி முன்னாடி கன்னியர் மடமா?

இல்லீங்க. கவர்னர் கன்னிமரா பிரபு பேரு. இதை வருஷத்துக்கு ரெண்டு பேராவது கேக்குறாங்க.

சிஸ்டர் ஒருத்தங்களுக்கு கல்யாணப் பத்திரிகை அனுப்பணும், கவர்ல எப்படி எழுத?

அருட்சகோதரி, அப்புறம் பேரு, அடுத்த வரில சபைப் பேரு சுருக்கமா, அதுக்கு கீழ கன்னியர் மடம்னோ கன்னியர் இல்லம்னோ அவங்க போர்டுல எப்படி இருக்கோ அப்படி. திருமதி, செல்வி ரெண்டும் வேண்டாம். தலைவிக்கும் தனியா ஒரு பத்திரிகை வெச்சிடுங்க, அவங்க அனுமதிச்சா தான் வர முடியும். பின்கோடு கட்டாயம் போடுங்க, எங்க அக்கா கல்யாணப் பத்திரிகை அதே பேருல இருக்குற வேற ஊர் மடத்துக்கு போய், அங்க இருந்து யாரோ ஒரு சிஸ்டர் நூறு ரூபா மொய்யும் ஒரு ஜெபமாலையும் அனுப்பி வெச்சாங்க.